பிட்டில் போகும் 27 நிமிடங்கள்

பிரான்சின் லெ மான் நகரில் உள்ள புகாட்டி ஓடுதளத்தின் நீளம் 4.185 கிலோமீட்டர். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் 24 மணி நேர மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், மழை கெடுக்காவிட்டால், முதலிடம் பிடிக்கும் அணி 800 சுற்றுக்கு மேல் ஓடிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அணியின் ஓட்டுநர்கள் இன்னோர் அணியைவிடச் சுற்றுக்கு 2 விநாடி வேகமானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பைக் பந்தயத்தில் 2 விநாடி என்பது பெரிய இடைவெளி. அதை எட்டிப் பிடிக்க வருடக்கணக்கில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். 800 சுற்றில் அது 1,600 விநாடி, அதாவது 27 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு தடவை சறுக்கி விழுந்து, வளைந்த ஹேண்டிலையும் உடைந்த ஃபுட்ரெஸ்டையும் ஓட்டை விழுந்த ரேடியேட்டரையும் மாற்ற வண்டி பிட்டில், அதாவது ஓடுதளத்தை ஒட்டிய பழுதுபார்க்கும் இடத்தில், 27 நிமிடம் நின்றால் போதும். ஒரு பகலும் ஒரு இரவும் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த வேகம் மொத்தமும் அங்கேயே செலவாகிவிடும்.

ஹோண்டா, யமஹா போன்ற நிறுவனங்களின் அணிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நண்பர்களைத் திரட்டிக்கொண்டு வரும் அமெச்சூர் அணிகளுக்கு இதுதான் ஆட்டமே. அவர்களால் வேகத்தை விலைகொடுத்து வாங்க முடியாது. நின்று போகும் நேரத்தைக் குறைக்க முடியும். நெடுந்தூரப் பந்தயத்தில் ஏழை அணிக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு அதுதான்.

கடந்த 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோதுதான் இந்த வகைப் பந்தயம் தமிழ்நாட்டில் பலருக்கும் அறிமுகமானது. பைக்கில் கதை இன்னும் கடினம். காரில் ஓட்டுநரைச் சுற்றி ஒரு கூடு இருக்கிறது. பைக்கில் வண்டி பழுதானால் முதல் அடி ஓட்டுநரின் உடம்பில்தான் விழும். எஞ்சின் நின்றுவிட்டால் தோல் உடையும் கனத்த பூட்ஸும் போட்டபடி ஏறக்குறைய 180 கிலோ வண்டியை அவரே தள்ளிக்கொண்டு பிட்டுக்கு வந்து சேர வேண்டும். வந்த வழியே திருப்பித் தள்ளிவரவும் முடியாது. எதிர்த்திசையில் போகக் கூடாது என்பது விதி. பிட்டைத் தாண்டியதும் பழுதானால் கிட்டத்தட்ட முழுச் சுற்றையும் தள்ளித்தான் கடக்க வேண்டும்.

ஆரம்பத்தில் இது தனி மனிதர்களின் பந்தயமாகத்தான் இருந்தது. 1922-ல் பாரிஸுக்கு அருகே தொடங்கிய போல் டோர் பந்தயத்தில் ஒரு வண்டிக்கு ஒரே ஓட்டுநர். 24 மணி நேரமும் அவரே ஓட்டினார். ஒரு வண்டியை இருவர் பகிர்ந்து ஓட்டலாம் என்ற விதி 1950-களில்தான் வந்தது. இன்று 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு வண்டிக்கு மூன்று ஓட்டுநர்கள். ஓட்டுபவர் கூடக் கூட, பின்னால் நிற்பவர்களின் வேலையும் பெருகியது. 24 லிட்டர் டேங்க் ஒரு மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். ஆகவே ஒரு பந்தயத்தில் குறைந்தது 24 தடவையாவது வண்டி பிட்டுக்குள் வந்து போகும். ஒவ்வொரு வருகையும் ஏதாவது தவறு நடக்க ஒரு வாய்ப்பு.

அப்படி நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மிகச் சின்னவை. உதாரணத்துக்கு முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதை எடுத்துக்கொள்ளலாம். புதுச் சக்கரத்தின் டிஸ்க் உள்ளே நுழையும்போது பிரேக் பேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடும். கிளம்பும் முன்பு யாராவது ஒருவர் பிரேக் லிவரை நாலைந்து முறை அழுத்தி பேடுகளை டிஸ்க்கோடு சேர்க்க வேண்டும். மறந்தால், பிட்டை விட்டு வெளியேறி முதல் வளைவில் ஓட்டுநர் பிரேக்கைப் பிடிக்கும்போது லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. நள்ளிரவு தாண்டி, 14 மணி நேரம் கண் விழித்த ஒருவர் செய்ய வேண்டிய வேலை இது. அதனால் நல்ல அணிகள் அதை ஒரே ஆள் தலையில் கட்டுவதில்லை. சக்கரம் மாட்டியவர் லிவரை அழுத்துவார், வண்டியில் ஏறும் ஓட்டுநரும் அழுத்திப் பார்ப்பார். முடுக்கிய நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். ஆயில் போல்ட்டைத் துளையிட்டுக் கம்பி கட்டியிருப்பார்கள். இவை எதற்கும் பெரிய செலவு கிடையாது.

செயின் இன்னொரு தொல்லை. ஓட ஓட அது நீளும். லூஸாகி ஸ்ப்ராக்கெட்டில் தாவினால் எஞ்சின் கவரையே உடைத்துவிடும். அதற்குப் பயந்து அதிகமாக இறுக்கிவிட்டால் பேரிங் கெடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் குனிந்து விரலால் தட்டிப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. எண்ணெய் நிறுத்தத்துக்கு நிறுத்தம் எவ்வளவு குறைகிறது என்று எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகமும் அப்படித்தான். குறைவது திடீரென்று கூடினால் எஞ்சின் ஏதோ சொல்கிறது. இரவு விளக்கு அணைந்தால் நடுவர்கள் கருப்பில் ஆரஞ்சு வட்டமிட்ட கொடியைக் காட்டி வண்டியை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். பல அணிகளில் அந்தப் பழுது ஒரு சாதாரண ஒயரிங் கனெக்டரில்தான் இருக்கும்.

விழுந்து வந்த வண்டியைச் சரிசெய்வது தனிக் கலை. அனுபவமுள்ள அமெச்சூர் அணியின் பிட் அறைக்குள் போய்ப் பார்த்தால் இடது பக்கச் சாமான் ஒரு மேசையிலும் வலது பக்கச் சாமான் ஒரு மேசையிலும் இருக்கும். ஹேண்டில் என்றால் வெறும் குழாய் மட்டும் இருக்காது. லிவர், சுவிட்ச், கைப்பிடி எல்லாம் பூட்டித் தயாராக இருக்கும். ஃபுட்ரெஸ்ட்டோடு கியர் லிவரும் சேர்ந்தே இருக்கும். உடைந்ததை அங்கே உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு, பூட்டி வைத்ததை மொத்தமாக மாட்டி, வண்டியை அனுப்பிவிட்டு அப்புறம் பழையதை எடுத்துச் செப்பனிடுவார்கள். பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பு யாரோ ஒருவருடைய வீட்டு ஷெட்டில் செய்து முடித்த வேலை, பந்தய நாளில் 20 நிமிடத்தை 6 நிமிடமாகக் குறைக்கிறது. புகைப்படங்களில் வருவது வளைவில் முழங்கால் உரசும் ஓட்டுநர்தான். எனக்கு அந்த இரண்டு மேசைகளைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும்.

உலகச் சாம்பியன்ஷிப் மட்டத்திலேயே இந்த மனப்பான்மைக்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. பிரெஞ்சுத் தீயணைப்பு வீரர்களைக் கொண்டு உருவான ‘டீம் 18 சப்பர் பொம்பியே’ அணி. பிரான்சில் தீயணைப்புத் துறையை அழைக்கும் எண் 18. வண்டியின் எண்ணும் அதுவே. நெருக்கடியில் பதறாமல் அவரவர் இடத்தில் நின்று அவரவர் வேலையைச் செய்வது அவர்களுடைய அன்றாடத் தொழில். எரிபொருள் நிரப்பும் இடத்தில் தீயணைப்பானோடு ஒருவர் நின்றே ஆக வேண்டும் என்பது பந்தய விதி. அந்த விதி எதற்காக என்று இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நிறுவனப் பணம் கொண்ட அணிகளுக்கு நடுவே அந்த 18-ஆம் எண் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பதை இந்த விளையாட்டின் மிக நல்ல செய்திகளில் ஒன்றாக நினைக்கிறேன்.

ஓட்டுநர்களிடம் வருகிறேன். பைக் பந்தயத்தில் பொதுவாக ஓட்டுநரிடம் ரேடியோ கிடையாது. பிட் சுவரில் காட்டும் பலகையும் அவர் காட்டும் கைச் சைகையும்தான் தொடர்பு. என்ன பழுது என்பது அவர் வந்து நின்று சொன்னால்தான் தெரியும். ஆகவே இங்கே நல்ல ஓட்டுநருக்கு நான் வைத்திருக்கும் இலக்கணம் வேறு: வண்டியில் ஒரு புது அதிர்வு தெரிந்த உடனே அதைக் கவனித்து, எந்த கியரில், எந்த வளைவில், பிரேக் பிடிக்கும்போதா முறுக்கும்போதா என்று இறங்கிய மறுநொடி மெக்கானிக்கிடம் சொல்லத் தெரிந்தவர். ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டும் சொல்பவர் சுற்றுக்கு ஒரு விநாடி வேகமாக இருந்தாலும் அவரை இரவு நேரத்தில் அனுப்ப நான் தயங்குவேன். ‘இன்னும் பத்து சுற்றுதானே, சமாளித்துவிடலாம்’ என்று பழுதை மறைத்து ஓட்டுபவர் அதைவிட ஆபத்தானவர்.

ஒரு பழுது எதையெல்லாம் பறிக்கும் என்பதற்குப் பதில், பணத்துக்குக் குறைவே இல்லாத சுஸூகா 8 மணி நேரப் பந்தயத்தில் இருக்கிறது. ஜப்பானில் 1978-ல் தொடங்கிய அந்தப் போட்டியின் முதல் ஆண்டே பாடம் சொன்னது: ஹோண்டா நிறுவனத்தின் சொந்த வண்டிகள் பாதியிலேயே நின்றுபோக, யோஷிமுரா என்ற பட்டறைக்காரர் தயாரித்த சுஸூகி ஜிஎஸ்1000-ல் வெஸ் கூலியும் மைக் பால்ட்வினும் ஜெயித்தார்கள். 1985-ல் முன்னாள் உலகச் சாம்பியன் கென்னி ராபர்ட்ஸ், தடாஹிகோ டைராவுடன் யமஹாவில் வந்தார். தொடக்கத்தில் எஞ்சின் உயிர் பெறாமல் எல்லாரும் போன பிறகே அவர் கிளம்பினார். விட்ட இடத்தையெல்லாம் பிடித்து அந்த ஜோடி முதலிடத்துக்கு வந்த பிறகு, கடைசி அரை மணி நேரத்தில் எஞ்சின் கைவிட்டது. டைரா பிட்டுக்கு எதிரே நேர்ப்பாதையிலேயே வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. வெற்றி ஹோண்டாவில் வந்த வெய்ன் கார்ட்னர், மசாகி டோகுனோ ஜோடிக்குப் போனது.

2019-ல் நடந்தது இன்னும் கொடுமை. சுஸூகி என்ட்யூரன்ஸ் அணியின் வண்டி உலகப் பட்டத்தைக் கையில் எடுக்கப்போகும் நேரத்தில், பந்தயம் முடிய ஒருசில நிமிடங்கள் இருக்கையில், எஞ்சின் வெடித்தது. பல பத்தாண்டுகள் அந்த அணியை நடத்திய தொமினிக் மெலியானுக்கு அதுதான் கடைசிப் பந்தயம். சாலையில் சிந்திய எண்ணெயில், முன்னிலையில் வந்த கவாஸாகி வீரர் ஜோனதன் ரே சறுக்கி விழுந்தார். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். வெற்றி யமஹாவுக்கு என்று முதலில் சொல்லி, பிறகு விதியைப் பார்த்து, கவாஸாகிக்கு என்று திருத்தினார்கள். உலகப் பட்டம் எஸ்ஆர்சி கவாஸாகி அணிக்குப் போனது. ஒரு வண்டியின் எஞ்சினுக்குள் நேர்ந்த பழுது மூன்று அணிகளின் தலையெழுத்தை மாற்றியது. எண்ணெய் ஒழுகும் வண்டியை மெதுவாகவாவது பிட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கும் அமெச்சூர் ஓட்டுநர் ஒவ்வொருவரும் அந்தக் கடைசி நிமிடங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். சிந்துவதைத் தாங்கிக்கொள்ள வண்டியின் அடியில் தொட்டிபோல ஒரு கவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அடுத்தவர் எலும்புக்காகப் போட்ட விதி.

அமெச்சூர் அணிகள் பலவும் சிதறுவது இயந்திரப் பழுதால் இல்லை. பழுதுக்குப் பின்னால் வரும் பேச்சால். விழுந்தது யார், செலவு யாருடையது என்ற கேள்வி வண்டி இன்னும் ஸ்டாண்டில் இருக்கும்போதே எழுந்துவிடுகிறது. ‘விழுந்தவர் செலவு விழுந்தவருக்கே’ என்று சில அணிகள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கின்றன. நியாயமாகத் தோன்றும் அந்த ஏற்பாட்டை நான் ஏற்கமாட்டேன். தன் பையிலிருந்து போகும் என்று தெரிந்தால் ஓட்டுநர் சின்னச் சறுக்கலைச் சொல்லமாட்டார். லேசாக வளைந்த லிவரோடு வண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். எல்லாரும் சமமாகப் போடும் பொதுப் பணத்திலிருந்து செலவு போகட்டும். விழுந்தவர் வந்ததும் என்ன நடந்தது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும், டாக்டரிடம் போகட்டும், சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும். மெக்கானிக்குகளின் முதுகுக்குப் பின்னால் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பதும் வேலைக்கு இடைஞ்சல்தான். மீதிப் பேச்சை வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். இரவில் யார் எப்போது தூங்க வேண்டும் என்று அட்டவணை போட்டு, கேட்காதவர்களைக் கடிந்து அனுப்பும் ஒருவர் அணிக்கு வேண்டும். அவர் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

உலகச் சாம்பியன்ஷிப் விதிப்படி, வென்ற அணி ஓடிய சுற்றுகளில் 75 சதவீதத்தை முடித்து, கடைசியில் கொடியையும் கடந்தால்தான் ஓர் அணியின் பெயர் முடிவுப் பட்டியலில் இடம்பெறும். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னணி அணியைவிட 5 சதவீதம் மெதுவாக ஓடும் ஓர் அணி, மற்றவர்களைவிடச் சுமார் 5 மணி நேரம் கூடுதலாகப் பிட்டில் கிடந்தாலும் அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம். 5 மணி நேரத்தில் கிளட்ச்சை முழுதாகப் பிரித்து மாட்டலாம், முன்பக்கம் மொத்தத்தையும் மாற்றலாம், பொசுங்கிய ஒயரிங்கைத் தேடிப் பிடிக்கலாம். அப்படி ஒரு இரவைக் கடந்து 30-ஆவது இடத்தில் முடித்த அணியைப் பற்றி அச்சில் வருவது ஒரு வரிதான்: சுற்றுகளின் எண்ணிக்கையும், அவர்களுடைய அதிவேகச் சுற்றின் நேரமும். பந்தயம் நடத்துபவர்களிடம் அந்த இரவைப் பற்றிய தகவல் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வண்டியும் பிட்டுக்குள் எப்போது நுழைந்து எப்போது வெளியேறியது என்பது டிரான்ஸ்பாண்டர் கருவியில் விநாடி சுத்தமாகப் பதிவாகிறது. அதிவேகச் சுற்றுக்குப் பக்கத்தில் ‘பிட்டில் நின்ற மொத்த நேரம்’ என்று இன்னொரு கட்டத்தையும் சேர்த்து வெளியிடட்டும். அதில் மிகக் குறைந்த எண்ணைப் பெறும் தனியார் அணிக்கு, வென்றவர்களுக்குக் கொடுக்கும் அதே மேடையில் ஒரு கோப்பை கொடுக்கட்டும். அதை வாங்க ஓட்டுநர்களை விட்டுவிட்டு மெக்கானிக்குகளைக் கூப்பிடட்டும்.