ஒரு தலைவலிச் செயலியோடு ஆறு மாதம்

போன தை மாதம் நரம்பியல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாசத்துல எத்தனை நாள் வலிக்குதும்மா?" "நாலஞ்சு நாள் இருக்கும் டாக்டர்" என்றேன். "மாத்திரை எத்தனை நாள் போடுறீங்க?" அதற்கும் அதே பதில். "எழுதி வெச்சுக்கிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, நான் சொன்ன இரண்டு எண்ணுமே தப்பு.

எனக்கு வயது 47. ஒற்றைத் தலைவலி இருபது வருடப் பழக்கம். முன்பெல்லாம் பீரியட்ஸுக்கு இரண்டு நாள் முன்னால், இடது கண்ணுக்குப் பின்னால் குத்தத் தொடங்கும். அம்மா சுக்கை உரைத்து நெற்றியில் பத்துப் போட்டுவிடுவாள். இருட்டறையில் ஒரு பகல் கிடந்தால் விட்டுவிடும். என்றைக்கு வரும் என்று தெரிந்ததால் அதைச் சுற்றி வேலையை நகர்த்திக்கொள்ள முடிந்தது. 45-க்குப் பிறகு அந்த ஒழுங்கு போயிற்று. ஒரு பீரியட்ஸ் 23 நாளில், அடுத்தது 51 நாளில். தலைவலிக்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை.

அப்படித்தான் இந்தச் செயலியை ஏற்றினேன். தலைவலி நாட்குறிப்பும் மாதவிடாய்ப் பதிவும் ஒன்றாக உள்ள செயலி. பெயரை எழுதவில்லை. இந்த வகையில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் சோதித்த இதே இடங்களைத்தான் நீங்களும் சோதிக்க வேண்டியிருக்கும்.

முதல் சோதனை இரவு இரண்டரை மணிக்கு. தலைவலியில் விழித்தேன். செயலியைத் திறந்ததும் வெள்ளைத் திரை கண்ணில் அறைந்தது. வெளிச்சம் தாங்காத நோய்க்கான செயலி வெள்ளைத் திரையோடு திறப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வலி எந்தப் பக்கம், துடிக்கிறதா அழுத்துகிறதா, வாந்தி உண்டா என்று அடுத்தடுத்து ஒன்பது திரைகள். எழுத்தோ பொடி எழுத்து. எங்கள் வயதில் வெள்ளெழுத்தும் வந்திருக்கும். தலை பிளக்கிறபோது இருட்டில் கண்ணாடியைத் துழாவ யாரால் முடியும்? மூன்றாவது திரையோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் அமைப்புகளைக் குடைந்தபோது இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, கறுப்புப் பின்னணி. மற்றது, கைபேசியின் முகப்புத் திரையிலேயே வைத்துக்கொள்ளும் ஒரு பொத்தான். அதைத் தொட்டால் தொடங்கிய நேரம் மட்டும் பதிவாகும், மீதியைத் தெளிந்த பிறகு நிரப்பலாம். அதன் பிறகு ஒரு பதிவும் தவறவில்லை. இந்த இரண்டும் இல்லாத செயலியை நிறுவியவுடன் நீக்கிவிடுங்கள்.

இனி, விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படும் கணிப்பு. "அடுத்த தலைவலி இந்தத் தேதியில் வரலாம்" என்று செயலி சொல்கிறது. ஆறு மாதத்தில் எனக்கு ஒன்பது முறை சொன்னது. இரண்டு முறை பலித்தது. பீரியட்ஸ் 28 நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அப்படித்தான் ஆகும். 19 நாள் தள்ளிப்போனபோது, "தாமதமாகிவிட்டது, கர்ப்பப் பரிசோதனை செய்தீர்களா?" என்று அறிவிப்பு வந்தது. தொடர்ந்து 12 மாதம் பீரியட்ஸ் வராதிருந்தால்தான் மெனோபாஸ் என்கிறது மருத்துவம். அதுவரை கருத்தரிக்க வாய்ப்புண்டு. அந்த வகையில் கேள்வி சரி. ஆனால் பிறந்த ஆண்டை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்ட செயலி, இந்த வயதில் சுழற்சி தடுமாறும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மெனோபாஸுக்கு முந்தைய இந்த ஆண்டுகளைக் குறிக்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அதைவிடப் பெரிய பிழை ஜூனில் நடந்தது. அந்த மாதம் முழுக்க பீரியட்ஸ் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஐந்து நாள் தலைவலி. செயலியின் மாத அறிக்கை, "உங்கள் தலைவலிக்கு மாதவிடாயோடு தொடர்பில்லை" என்று எழுதியது.

இதை நம்பியிருந்தால் வழி தப்பியிருப்பேன். மாதவிடாய் ஒற்றைத் தலைவலிக்கு மருத்துவம் வைத்திருக்கும் கணக்கு, உதிரம் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை, மூன்று சுழற்சிகளில் குறைந்தது இரண்டில் வலி வரவேண்டும் என்பது. செயலி அதை அப்படியே பின்பற்றுகிறது. ஆனால் வலியைத் தூண்டுவது உதிரம் அல்ல, அதற்கு முன்னால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சரிவது. சோமர்வில் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். பீரியட்ஸுக்கு முன் புரோஜெஸ்டிரோன் கொடுத்தபோது உதிரம் தள்ளிப்போனது, தலைவலியோ வழக்கமான நேரத்தில் வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டபோது உதிரம் நேரத்துக்கு வந்தது, தலைவலி தள்ளிப்போனது. எங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதும் இறங்குவதும் முறையில்லாமல் நடக்கிறது. பீரியட்ஸ் வராத மாதத்திலும் அது சரியலாம். உதிர நாளை மட்டும் பார்க்கும் செயலிக்கு அந்தச் சரிவு தெரியாது. ஜூன் பதிவைப் பார்த்த என் மருத்துவர் அறிக்கையின் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, "இதுவும் ஹார்மோன் வேலையா இருக்கலாம்மா" என்றார்.

கணிப்பை அணைத்துவிட்டேன். பிறகும் ஏன் இந்தச் செயலியை வைத்திருக்கிறேன் என்றால், மாத்திரைக் கணக்குக்காக.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும், கஃபீன் கலந்த வலி மாத்திரைதான் என் பழக்கம். செயலியின் மருந்துப் பட்டியலில் நம் ஊர்க் கடைப் பெயர்கள் இல்லை. அட்டையின் பின்புறம் உள்ள மூலப்பொருளைப் படித்து, எந்த வகை மருந்து என்று நாமே குறிக்க வேண்டும். நான் சோம்பலில் 'மற்றவை' என்று போட்டுவைத்ததால் இரண்டு மாதம் அது எச்சரிக்கவே இல்லை. சரியான வகையை மாற்றியதும் ஏப்ரல் மாதக் கட்டம் சிவப்பானது: 12 நாள். கலவை வலி மாத்திரைகளையும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையும் மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, பாரசிட்டமால் போன்ற தனி மாத்திரைகளை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். "நாலஞ்சு நாள்" என்று நான் மருத்துவரிடம் சொன்னது பொய்யில்லை, எனக்கு அப்படித்தான் நினைவிருந்தது. வலியில் விழுங்கியது மனதில் நிற்பதில்லை. அந்தச் சிவப்புக் கட்டம் ஒன்றுக்கே இந்தச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம், ஆனால் அந்த வசதி இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை செயலி 'மைடாஸ்' வினாத்தாளைத் தருகிறது. தலைவலியால் எத்தனை நாள் போயிற்று என்று கேட்கும் ஐந்து கேள்விகள், மருத்துவர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 21-ஐத் தொட்டால் கடுமையான பாதிப்பு. எனக்கு முதலில் 9 வந்தது. "வீட்டு வேலை செய்யாத நாட்கள்" என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன். ஒரு நாள்கூட அடுப்பு பற்றவைக்காமல் இருந்ததில்லையே. தாளிக்கும் புகையில் குமட்டி, சிங்க்கைப் பிடித்து நின்று, திரும்ப வந்து குழம்பை இறக்கிய நாட்களெல்லாம் 'செய்த' நாட்கள். அடுத்த, நான்காவது கேள்வி, வீட்டு வேலை பாதியோ அதற்கு மேலோ குறைந்த நாட்களைக் கேட்கிறது. அதை நான் வேகமாகக் கடந்திருந்தேன். நிதானமாகத் திரும்பப் போட்டபோது 34. இந்தத் தாளை நிரப்பும் பெண்கள் எல்லோரும் நான்காவது கேள்வியில் நின்று யோசியுங்கள். நம் வலி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

செயலியின் தூண்டுதல் பட்டியலில் ஒயினும் சீஸும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விரதத்தையும், ஊதுபத்திப் புகையையும், உச்சி வெயிலில் பேருந்துக்கு நிற்பதையும் நானே சேர்த்தேன். பட்டினிதான் எனக்கு முதல் எதிரி என்று பதிவு காட்டியது. இனிப்பைச் சந்தேகித்திருந்தேன், ஆனால் வலிக்கு முந்தின நாள் கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் இனிப்பு ஆசையும் சேர்ந்தே வந்திருந்தன. அந்த ஆசை வலியின் முன்னறிகுறியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மாதவிடாய்த் தகவல் கேட்கும் எந்தச் செயலியிலும் மின்னஞ்சலைக் கொடுக்காமல் பயன்படுத்த வழியிருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோ என்ற புகழ்பெற்ற செயலி பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றஞ்சாட்டியது; 2021-ல் அது சமரசத்தில் முடிந்தது. நான் புனைபெயரில் இருக்கிறேன், இருப்பிட அனுமதி தரவில்லை. அதனால் செயலியின் வானிலை வரைபடம் வேலை செய்யவில்லை. அதில் எனக்கு இழப்பில்லை.

மருத்துவருக்கான அறிக்கையை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன், 14 பக்கம். அவர் பார்த்தது நாட்காட்டிப் பக்கம் ஒன்றை மட்டும். அதை வைத்தே கலவை மாத்திரையை நிறுத்தி, டிரிப்டானை வரம்போடு எழுதிக் கொடுத்து, தடுப்பு மருந்து தொடங்கினார். வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டார். அந்த வகைத் தலைவலி இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். இந்தச் செயலி அதைக் கேட்கவே இல்லை. திடீரென்று இடி போல் வரும் வலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், 50-க்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றைப் பதிவு செய்துகொண்டு உட்காரக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதையும் செயலி முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அறிக்கையை அம்மாவிடம் காட்டினேன். நாட்காட்டிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். "எனக்கும் இப்படித்தாண்டி இருந்துச்சு. உன் தம்பி காலேஜ் சேர்ந்த வருஷம். அப்புறம் பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷத்துல தன்னால விட்டுருச்சு." அந்த வருடங்களில் சமையலறைக் காலண்டரில் அவள் பேனாவால் வைத்த புள்ளிகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. பால் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

இந்த மாதம் 22-ஆம் தேதி வரை: வலி நாள் 5, மாத்திரை நாள் 3.