டெங்கு மருந்து ஆய்வுகளும் ஓம்புயிர் செல்லும்: ஒரு விமர்சனம்

ஒரு மூலிகைச் சாறு அல்லது மருந்து "டெங்கு வைரசைக் கொல்கிறது" என்று செய்தி வரும்போது, அது எந்தச் செல்லில் சோதிக்கப்பட்டது என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வைரசு ஒட்டுவதும் நுழைவதும் பெருகுவதும் ஓம்புயிர் செல்லைச் சார்ந்தவை. மருந்து பலிப்பதும் அந்தச் செல்லைச் சார்ந்ததே. தமிழில் வரும் டெங்கு விளக்கங்களில் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான். விலங்கியல் நூல்களில் வரும் 'விருந்தோம்பி' என்ற சொல்லும் சற்றுத் திசைதிருப்புகிறது. செல் யாரையும் விருந்துக்கு அழைப்பதில்லை. தன் தேவைக்காக வைத்திருக்கும் வாயிலை வைரசு பயன்படுத்திக்கொள்கிறது.

நுழைவு

நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த கிளைச் செல்களில் 'டிசி-சைன்' என்ற புரதம் உள்ளது. டெங்கு வைரசின் உறையிலுள்ள மானோசு வகைச் சர்க்கரையை அது பற்றிக்கொள்கிறது என்பது 2003இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. அந்தச் சர்க்கரையை வைரசு தானே செய்துகொள்வதில்லை. முன்பு அது வளர்ந்த செல்லே பூட்டி அனுப்புகிறது. ஆகவே கொசுவின் செல்லில் விளைந்த வைரசும் மனிதச் செல்லில் விளைந்த வைரசும் மேற்பூச்சில் ஒன்றல்ல. உள்ளே சென்றபின், செல்லின் சிறு பைகளில் உள்ள அமிலத்தன்மையே வைரசின் உறையைத் திறக்கிறது.

அந்த அமிலத்தன்மையைக் குறைப்பது குளோரோகுயின். ஆய்வகச் செல்களில் அது வைரசைத் தடுத்தது. வியட்நாமில் நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான சோதனையில், இரத்தத்தில் வைரசு நீடிக்கும் காலம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

டெங்குவுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. முதல் தொற்றில் உருவான எதிர்ப்புரதம், வேறு வகை டெங்கு வைரசு வரும்போது அதனோடு ஒட்டி, ஒற்றை உட்கருச் செல்களுக்குள் அதைக் கொண்டுசேர்க்கக்கூடும். இரண்டாம் தொற்று கடுமையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பல மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் விடுதிகளில் ஒன்றாகத் தங்குகின்றனர். ஒருவருக்கு முதல் டெங்கு வேறு ஊரில், வேறு வகையால் வந்திருக்கலாம். எதிர்ப்புரதமே இல்லாத தட்டில் நடந்த சோதனை அவருடைய உடலுக்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

பாலபிராவிர் கற்பித்தது

இத்துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய கதை பாலபிராவிர். ஹெபடைட்டிசு-சி நோய்க்காக உருவாக்கப்பட்ட இம்மருந்து, டெங்கு வைரசு தன் மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதியையும் தடுப்பதாக ஆய்வகத்தில் தெரிந்தது. வியட்நாமில் 64 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2013இல் வெளியானது. பயன் இல்லை.

காரணம் 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில் புலப்பட்டது. பாலபிராவிர் விழுங்கியவுடன் வேலை செய்யும் மருந்தன்று. செல்லின் சொந்த நொதிகள் அதில் பாசுபேட்டுகளைச் சேர்த்தபின்தான் செயல்வடிவம் பெறும். மனித இரத்தச் செல்களுக்கு மருந்தை முதலில் கொடுத்துப் பின்னர் வைரசை விட்டால் அது நன்கு பலித்தது. தொற்று ஏற்பட்டபின் கொடுத்தால் வீரியம் பல மடங்கு குறைந்தது. தொற்றால் கிளர்ச்சியுற்ற செல், மருந்தைச் செயல்வடிவமாக மாற்றுவதைக் குறைத்துவிட்டது. வைரசு மாறவில்லை, செல் மாறியது. காய்ச்சல் வந்தபின்தானே நோயாளி மருத்துவரிடம் வருகிறார்!

வைரசைக் குறிவைத்தால் அது திரிந்து தப்பும், ஓம்புயிரைக் குறிவைத்தால் தப்ப முடியாது என்ற நம்பிக்கையையும் அப்படியே ஏற்க இயலாது. செல்லின் பிரிமிடின் உற்பத்தியைத் தடுக்கும் பிரெகுயினாரை எதிர்த்து நிற்கும் டெங்கு வைரசுகள் செல் வளர்ப்பில் தோன்றியது 2010இல் பதிவாகியுள்ளது. தப்புவது கடினம் என்பது வேறு, முடியாது என்பது வேறு.

நிலவேம்பு விவாதம்

2017 அக்டோபரில் தமிழ்நாட்டில் எழுந்த நிலவேம்புக் குடிநீர் விவாதம் பாரம்பரியமா, அறிவியலா என்ற சண்டையாகவே முடிந்தது. இரு தரப்புமே செல்லைப் பற்றிப் பேசவில்லை. பின்னர் 2020இல் ஓர் ஆய்வு, ஒன்பது சரக்குகள் சேர்ந்த இக்குடிநீர்ச் சூரணத்தின் எத்தனால் சாறு, செல் வளர்ப்பில் டெங்கு, சிக்குன்குனியா வைரசுகளைக் கட்டுப்படுத்துவதாகக் கூறியது. மேலும் ஆராயத் தூண்டும் முடிவுதான். ஆனால் மக்கள் குடிப்பது தண்ணீரில் காய்ச்சி வடித்த கஷாயம். அது குடலையும் கல்லீரலையும் கடந்து இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதைச் செல் தட்டு சொல்லாது. இத்தகைய ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் வீரோ செல், 1962இல் சப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது. முதல்வகை இன்டர்ஃபெரானை அதனால் சுரக்க இயலாது. அதாவது மனிதச் செல்லின் முதல் எச்சரிக்கை மணி அதில் இல்லை.

கஷாயத்தைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. அதைக் குடித்தோம், காய்ச்சல் விட்டது, வேலைக்குப் போகலாம் என்று ஒரு தொழிலாளி நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. டெங்குவில் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவை அப்போது தோன்றினால் போகவேண்டிய இடம் மருத்துவமனை.