ஆர்வலர் எழுதிய வரலாறு

ஒரு கலையின் வரலாற்றை எழுதுதற்கு உரியவர் யாவர்? பல்கலைக்கழகப் பேராசிரியரும், ஆவணங்களைக் காக்கும் நிறுவனங்களுமே என விடை கூறுதல் எளிது. ஆயின், யப்பானிய வீடியோ விளையாட்டின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்விடை அமைவதன்று. அவ்வரலாற்றின் பெரும்பகுதியை ஏட்டில் ஏற்றியோர் அவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்ட ஆர்வலரேயாவர்.

யப்பானில் ஆர்வலர் தாமே அச்சிட்டு வழங்கும் வெளியீடுகள் டோஜின்ஷி எனப்படும். அவற்றை விற்றற்கென டோக்கியோவில் 1975ஆம் ஆண்டு 'கொமிக் மார்க்கெட்' என்னும் சந்தை தொடங்கிற்று. இம்மரபிலே 1983இல் சத்தோஷி தஜிரி என்னும் இளைஞர் 'கேம் ஃபிரீக்' என்ற இதழை வெளியிட்டார். கையால் எழுதிப் படியெடுத்துக் கம்பியால் தைத்த அவ்விதழ், விளையாட்டுக் கூடங்களிற் பயின்ற நுட்பங்களை விளக்கியுரைத்தது. 1989இல் அப்பெயரே ஒரு நிறுவனத்தின் பெயராயிற்று. 1996இல் வெளிவந்த 'பொக்கிமொன்' அந்நிறுவனத்தின் ஆக்கமே. ஆகவே, ஆர்வலரை வெறும் நுகர்வோரென ஒதுக்குதல் பொருந்தாது.

நிறுவனங்களோ தம் வரலாற்றைப் பேணுவதிற் பெரிதும் சோர்ந்தன. 1980களில் விளையாட்டுகளை ஆக்கியோர் பலருடைய இயற்பெயர்கள் மறைக்கப்பட்டன. புனைபெயர்களே திரையில் தோன்றின. திறமையாளரைப் போட்டி நிறுவனங்கள் கவர்ந்து செல்லும் என்ற அச்சமே இதற்கு ஒரு காரணம். அக்காலக் காந்தத் தட்டுகளும் நாளடைவில் அழிந்து வருகின்றன. கியோட்டோவிலுள்ள ரிற்சுமெய்க்கான் பல்கலைக்கழகம் 1998இலேயே விளையாட்டு ஆவணத் திட்டமொன்றைத் தொடங்கியது உண்மை. எனினும், அத்தட்டுகளைத் தேடிப் பாதுகாக்கும் பணியை 2011இல் டோக்கியோவில் தோன்றிய விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம் தன் தலைமேற் கொண்டது.

இத்துறையில் தனித்துழைத்தோருள் ஜோன் ஷ்செபானியாக் குறிப்பிடத்தக்கவர். 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி யப்பான் சென்ற அவர், விளையாட்டு ஆக்குநர் பலரைக் கண்டு உரையாடி, 2014 முதல் 2018 வரை மூன்று தொகுதிகளைத் தாமே வெளியிட்டார். புகழ் பெறாத ஆக்குநரும் அவற்றில் வாய் திறக்கின்றனர். தாம் பணிபுரிந்த அலுவலகத்தில் எவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதனையும் அவர்களைக்கொண்டே வரைவித்தமை பாராட்டற்குரியது. ஓர் ஆக்கம் எத்தகைய சூழலிற் பிறந்தது என்பதை நிறுவன விளம்பரம் ஒருகாலும் உரைப்பதில்லை.

எனினும், குறையும் கூறல் வேண்டும். முப்பது ஆண்டு கழிந்தபின் எழும் நினைவு சான்றாகும்; முடிந்த முடிபாகாது. வினாவும் விடையுமாக விரியும் இத்தொகுதிகளிற் செய்தி மிகுதி. ஒன்றையொன்று ஒப்பிட்டுத் தெளியும் ஆய்வோ குறைவு. அன்பு தேடலைத் தூண்டும். ஆனால், ஐயமே உண்மையைத் தெளிவிக்கும். ஆர்வலர் பலர் முன்னதிற் சிறந்து, பின்னதில் தளர்கின்றனர்.

ஆயினும், ஒப்பிடுதல் பின்வருவோராலும் இயலும். இறந்தவரிடம் வினவுதல் எவராலும் இயலாது. முதுமை எய்திய ஆக்குநரின் சொல்லை உரிய காலத்திற் பதிந்து வைத்தோர் வரலாற்றை நிறைவு செய்தவரல்லர். அதனை எழுதற்கு இடமளித்தவராவர். பட்டமும் பதவியும் இன்றி அவர் ஆற்றிய இத்தொண்டு சிறிதன்று.