ரிவெட்டின் மறுபக்கம்

பழைய அலுமினியப் படகு விற்பனைக்கு இருக்கிறது என்று பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலேயிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். மோட்டார் கிளம்புகிறதா, இருக்கை கிழிந்திருக்கிறதா, ட்ரெய்லர் டயர் எந்த லட்சணத்தில் இருக்கிறது, பெயின்ட் எவ்வளவு உரிந்திருக்கிறது. நான் நேரே அடியில் புகுந்துவிடுவேன். சட்டை பாழாகும், விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், கூட வந்த மனைவி எங்கேயோ வேடிக்கை பார்ப்பது போல நிற்பார். என்ன செய்வது, 1950களிலோ 60களிலோ செய்த 14 அடிப் படகின் ஜாதகம் முழுக்க அடித்தகட்டின் ரிவெட் வரிசையில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும். நல்ல ரிவெட்டின் தலை தகட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், ஓரத்தில் நிழல் விழாது. தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். ஆட்டம் அதிகமான இடத்தில் அந்தக் கறுப்பு பின்பக்கமாக வால் இழுத்திருக்கும். தகடும் ரிவெட்டும் உரசி உரசி உதிர்ந்த அலுமினியத் தூள் அது. விமானம் பழுது பார்ப்பவர்கள் இதைப் புகைகிற ரிவெட் என்பார்கள். அடியின் நடுவில் நீளமாக ஓடுகிற கீலின் இரு பக்கமும், முன்னால் அலை அறைகிற இடத்திலும் இது சகஜம். இதற்காக நான் ஒரு படகை வேண்டாம் என்று சொன்னதில்லை. திரும்ப அடித்தால் உட்கார்ந்துவிடும். நான் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவது வேறொன்றைப் பார்க்கும்போது: தலையின் நடுவில் ஓட்டை, அந்த ஓட்டையிலிருந்து துரு வழிந்த கோடு. முந்தைய சொந்தக்காரர், ஒரே பக்கத்திலிருந்து போடுகிற பாப் ரிவெட்டைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நான் இருப்பது மின்னசோட்டாவில். 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842 என்று மாநில அரசு கணக்கு சொல்கிற ஊர். செயின்ட் பீட்டரில் அலுமாகிராஃப்ட், நியூயார்க் மில்ஸில் லண்ட், லிட்டில் ஃபால்ஸில் கிரெஸ்ட்லைனர் என்று உலகப்போர் முடிந்த சூட்டில் முளைத்த பெயர்கள் எல்லாம் இந்த மண்ணுக்குச் சொந்தம். இங்கே இருந்துகொண்டு வேறொரு மாநிலத்துப் படகைப் புகழ்வது கொஞ்சம் துரோகம்தான். ஆனாலும் ரிவெட் என்று வந்தால் நான் கிரம்மன் கட்சி. மற்றவர்கள் படகு செய்தார்கள். கிரம்மன் விமானம் செய்த கையோடு படகு செய்தது. ஹெல்கேட், அவெஞ்சர் என்று கப்பல் தளத்தில் அடித்து இறங்குகிற விமானங்களைக் கட்டிய நிறுவனம் அது. 1944இல் அதன் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன் அடிராண்டாக் மலைப்பக்கம் போய், கான்வாஸ் போர்த்திய மரத்தோணியைத் தோளில் சுமந்து சுமந்து அலுத்துப்போய்த் திரும்பியபோது வந்த யோசனைதான் அலுமினியத் தோணி. அடுத்த ஆண்டே உற்பத்தி தொடங்கிவிட்டது. 1952இல் படகு வேலை நியூயார்க் மாநிலத்து மாரதன் என்ற சிற்றூருக்கு மாறியது. பின்னாளில் சந்திரனில் இறங்கிய லூனார் மாட்யூலைக் கட்டியதும் இதே கிரம்மன் என்று நான் சொல்லத் தொடங்கினால் நண்பர்கள் காபிக் கோப்பையோடு நகர்ந்துவிடுகிறார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

விஸ்கான்சின் மானிடோவாக்கில் சமையல் பாத்திரம் செய்துகொண்டிருந்த மிர்ரோ அலுமினியம் கம்பெனியும் மிர்ரோகிராஃப்ட் என்று படகுக்கு வந்தது. பாத்திரக்காரன் செய்த படகு என்று அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் வீட்டு அலுமினியக் குண்டானின் கைப்பிடியை இத்தனை வருஷம் பிடித்து வைத்திருப்பதும் ரிவெட்தானே.

ரிவெட் அடிப்பது இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் ரிவெட் கன்னோடு, உள்ளே ஒருவர் முட்டுக் கொடுக்கும் பக்கிங் பார் என்ற எஃகுக் கட்டியோடு. உலகம் கன் பிடித்தவரைத்தான் பார்க்கும். 1943 மே மாதம் சாட்டர்டே ஈவனிங் போஸ்ட் அட்டைக்கு நார்மன் ராக்வெல் வரைந்த, ரிவெட் அடிக்கும் தொழிலாளி ரோசியை எடுத்துப் பாருங்கள். கையில் சாண்ட்விச், மடியில் ரிவெட் கன், காலடியில் ஹிட்லரின் புத்தகம். எல்லாம் இருக்கிறது, தகட்டுக்கு மறுபக்கம் பார் பிடித்தவளைக் காணோம். எனக்கு இது தீராத குறை. விசையை அழுத்த யார் வேண்டுமானாலும் பழகலாம். உள்தலையை உருவாக்குவது பார். அது ஒரு நூல் சாய்ந்தால் வால் ஒரு பக்கமாக மடிந்து படுத்துவிடும். பிடி தளர்ந்தால் பார் துள்ளித் தகட்டில் பள்ளம் போடும். அளவுக்கு மீறி அழுத்தினால் வெளித்தலை தகட்டை விட்டு எழும்பிவிடும். 3/16 அங்குல ரிவெட் என்றால் உள்தலை 9/32 அங்குலம் அகலமும் 3/32 அங்குலம் உயரமுமாக உட்கார வேண்டும். ஓரிரு வினாடியில் முடிகிற காரியம் இது. அந்த நேரத்துக்குள் வட்டமாக, நடுவில், வெடிப்பில்லாமல் ஒரு தலை பிறப்பதைப் பார்க்கிற பாக்கியம் உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான். வெளியே இருக்கிற எனக்கு வெறும் சத்தம்.

சத்தமென்றால் சாதாரணச் சத்தமில்லை. 14 அடிக்கு ஒரு அலுமினியத் தொட்டி, அதைச் சுற்றி மூடிய கராஜ். காதடைப்பான் போட்டுக்கொண்டு ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வழியே இல்லை. அதற்குத்தான் தட்டுக் கணக்கு. பார் பிடித்தவர் ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் அடி. இரண்டு தட்டினால் சரி. மூன்று தட்டினால் கெட்டுப்போயிற்று, துளைத்து எடு. விமானப் பராமரிப்புக் கையேடுகளில் அச்சிட்டிருக்கிற பாஷை இது. எனக்குப் பார் பிடிக்க வருகிறவர் இரண்டு வீடு தள்ளி இருக்கும் கோவில்பட்டித் தம்பி. ஒல்லி உடம்பு, முன்பக்க மேல்தட்டுக்கு அடியில் மார்புவரை நுழைந்துவிடுவார்.

"அண்ணே, நான் தட்டுறது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்கல தம்பி. கையில தெரியுது."

உண்மையிலேயே கையில்தான் தெரியும். கன்னின் முனை ரிவெட் தலைமேல் இருக்கும்போது மறுபக்கத்துத் தட்டு உள்ளங்கையில் வந்து இறங்கும். மூன்று தட்டு வந்தால் வாதாட முடியாது. தலையின் நடுவில் பஞ்ச் வைத்து, துளையைவிடப் பெரிதாகாத பிட்டால் தலையளவு மட்டும் துளைத்து, தட்டிச் சாய்த்து, உள்ளே முட்டுக் கொடுத்துத் தண்டை வெளியேற்ற வேண்டும். துளை நீள்வட்டமாகப் போயிருந்தால் 5/32ஐ விட்டு 3/16க்குப் போக வேண்டியதுதான். அலுவலகத்தில் வருஷக் கடைசி மதிப்பீட்டில்கூட இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் என் வேலையை யாரும் எடை போட்டதில்லை.

இனி மாற்றுக் கட்சிக்காரர்கள். பாப் ரிவெட்காரர்களின் வாதம் ஒன்றுதான்: ஒற்றை ஆளாகச் செய்யலாம். செய்யலாம். மூடிய முனையுள்ள ரகம், கையே நுழையாத மூலையில், சீலன்ட் தோய்த்துப் போட்டால் தண்ணீர் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை நுழைகிற இடத்தில் அதைப் போடுவது சோம்பேறித்தனம். உள்ளே அறுந்து தங்கும் எஃகுத் துண்டு துருப்பிடிக்கும், அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும். அடுத்தது பசைக்காரர்கள். அடித்தகடு முழுக்க 5200 என்கிற பசையைப் பூசி மெழுகிவிடுவார்கள். பிறகு எந்த ரிவெட் ஒழுகுகிறது என்று பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தையல் ஓரங்களில் உள்பக்கம் க்ளூவிட் என்கிற சீலன்ட்டை ஓடவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ரிவெட்டெல்லாம் அடித்து முடித்த பிறகு. படகை ட்ரெய்லரிலேயே வைத்து, உள்ளே சில அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டு (விளிம்புவரை நிரப்பினால் அந்த எடையை அடித்தகடு தாங்காது), வெளியே சொட்டுகிற ஒவ்வொரு தலையையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டு, வட்டமிட்டதை மட்டும் அடித்தால் பசைக்கு அநேகமாக வேலையே இராது.

வெல்டிங் கட்சியோடுதான் உண்மையான சண்டை. புதுப் படகை வெல்டிங்கில் கட்டுவது தனிக் கலை. கிரெஸ்ட்லைனர் அதில் பேர் வாங்கியது, எனக்குப் பொறாமையும் இல்லை. அறுபது வருஷத்து ரிவெட் படகில் வெல்டிங் டார்ச்சை வைப்பது வேறு விஷயம். உருட்டிக் கடினப்படுத்திய 5052 அலாய்த் தகடு அந்தச் சூட்டில் இளகிவிடும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கில் ஆண்டாண்டாகச் சேர்ந்த எண்ணெயும் அழுக்கும் வெல்டிங்கைப் பொத்தலாக்கும். பக்கத்தில் நன்றாக இருந்த ரிவெட்டும் விரிந்து சுருங்கித் தளரும். சந்தைகளில் சோடா டப்பாவில் ஓட்டை போட்டு அடைத்துக் காட்டி ஒரு குச்சி விற்பார்களே, அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

ட்ரான்சம், அதாவது மோட்டார் மாட்டுகிற பின்சுவர், அதன் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் இப்போது நிறையப் படகு பாழாகிறது. கட்டடச் சாமான் கடையில் கிடைக்கிற, மருந்தேற்றிய ப்ளைவுட்டை எடுத்துவந்து வெட்டிப் பொருத்திவிடுகிறார்கள். அதில் ஏற்றியிருப்பது செம்பு. 2003 முடிவில் வீட்டு உபயோகத்துக்கான மரத்திலிருந்து ஆர்செனிக் கலந்த ரகம் போய், பதிலுக்கு வந்ததில் செம்பு இன்னும் அதிகம். ஈரம் பட்ட செம்பும் அலுமினியமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தகடு பொடிப்பொடியாக உதிரும். மருந்தில்லாத ப்ளைவுட், எல்லா ஓரமும் துளையும் எபாக்சியில் நனைத்து, அவ்வளவே. கராஜில் ஹீட்டர் இல்லாவிட்டால் அதைக் குளிர்காலத்தில் தொடாதீர்கள். இங்கத்திய ஜனவரியில் எபாக்சி இறுகாது. நனைந்து ஊறிய பழைய மிதவை ஃபோமை எடுத்தால் புது ஃபோம் வைத்துத்தான் மூட வேண்டும். இடம் கிடைத்தது என்று ஐஸ்பெட்டி வைப்பவர்கள் படகு கவிழ்கிற அன்றைக்கு யோசிப்பார்கள்.

பெயின்ட் உரிப்பது முன்புபோல் சுகமாக இல்லை. 2019இல் மெத்திலீன் குளோரைடு கலந்த ஸ்ட்ரிப்பரைக் கடைகளில் விற்பதற்குத் தடை வந்துவிட்டது. அதை மூச்சில் வாங்கிச் செத்தவர்கள் உண்டு என்பதால் தடையைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. இப்போது கிடைப்பதைப் பூசிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் பெயின்ட் அப்படியே சிரிக்கிறது. அதற்காக இரும்புக் கம்பி பிரஷ்ஷை எடுத்தால் தகட்டில் இரும்புத் துகள் பதிந்து, பின்னால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

உரித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் ரசனை பிரிகிறது. பஞ்சுச் சக்கரம் போட்டு முகம் தெரிய மினுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அட்லாண்டாவில் செய்த ஃபெதர் கிராஃப்ட் போன்ற அலங்காரப் படகுகளுக்கு அது பொருந்தலாம். மீன்பிடிப் படகுக்கு எதற்கு? காற்றுப் பட்டதுமே அலுமினியம் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு போர்த்திக்கொள்கிறது; அந்த மங்கிய சாம்பல் நிறம்தான் அதற்கு அழகு. மினுக்கிய படகில் ரிவெட் தலைகளின் விளிம்பு தேய்ந்து போவதையும் யாரும் கவனிப்பதில்லை.

2020 மே மாதம், எவின்ரூட், அலுமாகிராஃப்ட் இரண்டையும் வைத்திருந்த பிஆர்பி நிறுவனம் எவின்ரூட் மோட்டார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 1909இல் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் தொடங்கிய பெயர். அதே அறிவிப்பில் செயின்ட் பீட்டரின் அலுமாகிராஃப்ட் வேலையும் ஆர்கன்சாவுக்குப் போகும் என்றிருந்தது. ஒரே மூச்சில் மோட்டாரும் படகும். இன்றைக்கும் நியூயார்க் மில்ஸில் லண்ட் ரிவெட் படகு கட்டிக்கொண்டுதான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படகுக் கண்காட்சிக்குப் போனால் விற்பனையாளர் திரையின் அளவைச் சொல்கிறார், ஒலிபெருக்கியின் எண்ணிக்கையைச் சொல்கிறார். ரிவெட் என்ன அலாய், என்ன இடைவெளி என்று கேட்டால் கையேட்டைப் புரட்டுகிறார். ரிவெட் தலையில் கைவைத்துத் தடவிப் பார்க்கலாமென்றால் படம் அச்சிட்ட ஸ்டிக்கரை மேலே ஒட்டி மூடியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பழைய படகு தேடக் கிளம்புகிறவர்களுக்கு: கம்ப்ரெசர், கன் எல்லாம் வாடகைக்குக்கூடக் கிடைக்கும், அவசரமில்லை. முதலில் பார் பிடிக்க ஒரு ஆளைப் பிடியுங்கள். தப்பென்றால் தயங்காமல் மூன்று தட்டுத் தட்டுகிற ஆளாக இருக்கட்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் படகைப் பாருங்கள்.