பழைய ஸ்கிட் ஸ்டீயருக்கு ஹைட்ராலிக் ஆயில்: திண்டுக்கல் வழக்கமும் இலங்கை வழக்கமும்

ஸ்கிட் ஸ்டீயர் லோடரில் ஹைட்ராலிக் ஆயிலுக்கு வேலை இரட்டிப்பு. ஊரெல்லாம் ஓடும் ஜேசிபி வகை வண்டியில் அது கையையும் பக்கெட்டையும் தூக்குவதோடு சரி. சக்கரத்துக்கு கியர்பாக்ஸ் வழியாகத் தனி ஓட்டம் உண்டு. பாப்கேட் போன்ற ஸ்கிட் ஸ்டீயரில் சக்கரத்தைச் சுற்றுவதும் அதே ஆயில்தான். இடப்பக்கத்துக்கு ஒரு பம்பும் மோட்டாரும், வலப்பக்கத்துக்கு இன்னொரு ஜோடி. ஆயில் நீர்த்துப்போனால் பக்கெட் சோம்பி எழுவது மட்டுமல்ல, சரக்கோடு மேட்டில் வண்டியே ஏறாது. பழைய வண்டியில் பம்பின் பிஸ்டன்கள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். புதிய வண்டி பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு ஆயில் நீர்த்தாலும் பழையது பொறுக்காது.

ஆயில் வாளியில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் 32, 46, 68 ஆகியவை 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பிசுக்குமையைக் காட்டுபவை, அலகு சென்டிஸ்டோக்ஸ். சூடு ஏற ஏற இந்த எண் சரிந்துகொண்டே போகும். சாதாரண 68 ஆயில் 80 டிகிரியில் ஏறத்தாழ 15க்கு வந்துவிடும். 46 அதே சூட்டில் 12க்கும் கீழே இறங்கும். பிஸ்டன் பம்புகள் பலவற்றுக்கு 10க்குக் கீழே போவது ஆபத்து. டேங்க் 90 டிகிரியைத் தொடும் நாளில் 46 அந்தக் கோட்டைத் தாண்டிவிடும், 68 கோட்டுக்குச் சற்று மேலேயே நிற்கும்.

திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலிலேயே 38, 39 டிகிரி காய்கிறது. வேடசந்தூர்ப் பக்கமோ நத்தம் சாலையிலோ மதியம் இரண்டு மணிக்கு வேலை பார்க்கும் வண்டியில், கூலர் தகடுகளில் புழுதி அப்பியிருந்தால் டேங்கைக் கையால் தொட முடியாது. அதனால்தான் இங்குள்ள பட்டறைகளில் பேச்சுக்கே இடமில்லாமல் "அறுபத்தெட்டு ஊத்து" என்கிறார்கள். வாளியின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்பதை இரண்டாவதாகத்தான் பார்க்கிறார்கள். இதே மாவட்டத்துக்குள் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. மார்கழிக் காலையில் அங்கே 68 கெட்டியாகிப் பம்பு ஊளையிடும். மலைக்குப் போகும் வண்டிக்கு 46 போடுவதோ, கால் மணி நேரம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சூடேற்றுவதோ சமவெளி மெக்கானிக்குக்குத் தெரியாத விஷயமல்ல.

கடல் தாண்டி இலங்கையில், இந்தியர்கள் கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றிவிடுவார்கள் என்றொரு ஏளனம் உண்டு. கையேட்டில் உள்ளபடியே செய்வது தங்கள் வழக்கம் என்பது அதன் மறுபாதி. அங்கே ஜப்பானில் ஓடித் தேய்ந்த இயந்திரங்கள் ஏராளமாக வந்து இறங்குகின்றன. அவற்றில் பல 46ஐச் சுற்றியே ஆயில் கேட்பவை. கொழும்பில் பகல் வெப்பம் பெரும்பாலும் 31, 32 டிகிரியோடு நின்றுவிடுவதால் 46 அங்கே ஈடுகொடுக்கும். நுவரெலியாவுக்கு அதுவே பொருத்தம். வவுனியா, கிளிநொச்சி வெயிலுக்கும் அந்த எண்ணையே நீட்டினால் கையேட்டுக்குக் கட்டுப்பட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம், பம்புக்கு நல்லதா என்பது வேறு. இங்கே ஜேசிபி என்பதை அங்கே பெக்கோ என்கிறார்கள். ஆயில் அங்கே ஒயில். வவுனியாவில் பெக்கோ ஓட்டுபவரும் வேடசந்தூரில் ஜேசிபி ஓட்டுபவரும் ஒரே வெயிலில்தான் காய்கிறார்கள்.

கையேட்டையே எடுத்துப் பார்த்தாலும் திண்டுக்கல் வழக்கம் வெகுதூரம் விலகவில்லை. பழைய பாப்கேட் வண்டிகளின் கையேடுகள் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலை ஹைட்ராலிக் டேங்கில் ஊற்ற இடம் தருகின்றன. 10டபிள்யூ-30இன் பிசுக்குமை 40 டிகிரியில் 65இலிருந்து 75 வரை வரும். அது ஏறக்குறைய 68தான். நல்ல சூட்டில் எஞ்சின் ஆயில் ஒரு படி கூடவே தாக்குப்பிடிக்கும்: 100 டிகிரியில் அது 10ஐ ஒட்டி நிற்க, 68 ஹைட்ராலிக் ஆயில் 9க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தேய்ந்த வண்டிக்கு மே மாதத்தில் 10டபிள்யூ-40 ஊற்றும் பட்டறைக்காரரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

தண்ணீர் விஷயத்தில் இலங்கையின் பக்கம் நியாயம் அதிகம். ஹைட்ராலிக் ஆயில் தண்ணீரைப் பிரித்து டேங்கின் அடியில் இறக்கிவிடும், வடிகுழாயைத் திறந்து வெளியேற்றிவிடலாம். எஞ்சின் ஆயிலில் உள்ள சுத்திகரிப்புப் பொருள்கள் தண்ணீரைத் தமக்குள்ளேயே கலந்து வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கொழும்பில், இரவில் குளிரும் டேங்கின் உள்சுவரில் ஈரம் படிவது அன்றாடம். அங்கே எஞ்சின் ஆயிலைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். திண்டுக்கல்லில் மழை அதில் பாதியைக்கூட எட்டாது. இங்கே எதிரி தண்ணீரல்ல, குவாரிப் புழுதி. டேங்க் மூடியின் மூச்சுக்குழாய் ஃபில்டரையும் சிலிண்டர் தண்டின் துடைப்பு சீலையும் கவனிக்காவிட்டால் எந்த ஆயிலும் காப்பாற்றாது. தண்ணீர்ச் சந்தேகம் வந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர்; சத்தமில்லாமல் பரவிப் புகைந்தால் கவலையில்லை. ஆயில் பாலாக வெளுத்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

கடையில் கிடைக்கும் ஆயில் பெயர்களில் வேறுபாடு நினைப்பதைவிடக் குறைவு. இங்கே சர்வோ, மேக், கேஸ்ட்ரால். அங்கே கால்டெக்ஸுக்கு நெடுங்காலச் செல்வாக்கு. ஆனால் 2003இல் இலங்கைக்குள் நுழைந்த எரிபொருள் நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. அதே சர்வோவைத்தான் அங்கேயும் விற்கிறது, திருகோணமலையில் ஆயில் கலக்கும் ஆலையும் வைத்திருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் டாலருக்குத் தட்டுப்பாடு வந்து உதிரிப்பாகம் அரிதானபோது பழைய வண்டிகளை இலங்கை மெக்கானிக்குகள் ஓட்டிக் காட்டிய விதம் மெச்சத்தக்கது. அந்தத் திறமை திண்டுக்கல் பட்டறைகளில் நெருக்கடி இல்லாத நாளிலும் இருக்கிறது.

எந்த ஊரானாலும் செய்யக்கூடாதது ஒன்று: எஞ்சின் ஆயில் இருக்கும் டேங்கில் ஹைட்ராலிக் ஆயிலைக் குறைவுக்கு ஊற்றுவது. இரண்டின் சேர்மானங்களும் ஒத்துப்போகாமல் நுரை கட்டலாம், ஃபில்டர் அடைத்துக்கொள்ளலாம். வகை மாற்றுவதென்றால் வண்டியைச் சூடாக்கி, கையைத் தரையில் இறக்கி, டேங்கை முழுக்க வடிக்க வேண்டும். அப்படியும் சிலிண்டர்களிலும் ஹோஸ்களிலும் கணிசமான பழைய ஆயில் தங்கிவிடும். ஆகவே புது ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு ஐம்பது மணி நேரம் ஓட்டியபின் மறுபடி ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்ப்பது நல்லது. மடிப்புகளில் பித்தளை நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் பம்பே தேய்கிறது. அப்போது 46ஆ 68ஆ என்ற வாதத்தை விட்டுவிட்டுப் பம்பை இறக்க வேண்டியதுதான்.