பொணத்தைத் தோண்டிக் கொடுத்தது யாரு?

மர்ம நாவல், பேய்க்கதை, பாழடைந்த பங்களா என்றாலே நம் தோழர்கள் பலருக்கு இளக்காரம். போராட்டத்துக்கு உதவாத பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. புதுக்கோட்டையில் எங்களோடு சேர்ந்து படிக்கிற விடுதி மாணவர்களுக்கு, கவிதைத் தொகுப்புகளுக்கு முன்னாடியே இந்த நாவல்களைத்தான் கையில் கொடுக்கிறேன். ஒவ்வொரு சாதியும் எதைப் பார்த்துப் பயப்படுது, பயத்தை யார் தலையில் கட்டுது என்பதை இவை மறைக்கத் தெரியாமல் காட்டிவிடும்.

தமிழில் இந்தச் சரக்கு புதுசு இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு எல்லாம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் குவித்தவர்கள். ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் மர்மக் கதைகளைத் தமிழ்ப் பெயர் சூட்டிக் கொண்டுவந்தார் ஆரணியார். வடுவூராரின் திகம்பர சாமியாரும் ரங்கராஜுவின் கோவிந்தனும் துப்பறிந்து கண்டுபிடிக்காத ரகசியம் கிடையாது. ஆனால், நான் படித்தவரைக்கும், துப்பும் நீதியும் பெரிய வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. சேரிக்குள் ஒரு மர்மம் நடந்தால் அதைத் துப்பறிய எந்தச் சாமியாரும் வரமாட்டார். பழைய பதிப்புகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நம்ம ஊர் திருக்கோகர்ணத்தில், கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் லட்சம் புத்தகங்களுக்கு மேல் சேர்த்து உருவாக்கிய ஞானாலயா இருக்கிறது.

இதில் நான் முதலில் சிபாரிசு செய்வது மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’. ‘பிரேத மனிதன்’ என்று புதுமைப்பித்தன் தமிழில் தந்தது இதைத்தான். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு விஞ்ஞானி மனிதனைச் செய்கிறான்; உயிர் வந்ததும் அருவருத்து ஓடிப்போகிறான். வெட்டியான் வேலை பார்த்த பெரியப்பா ஒருத்தருக்கு இந்தக் கதையை ஒரு ராத்திரி சொன்னேன். அவர் பயப்படவே இல்லை. “அந்தப் பொணத்தையெல்லாம் யாருப்பா அவனுக்குத் தோண்டிக் குடுத்தது?” என்று கேட்டார். எந்த விமர்சகரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பிணவறை, அறுவைக்கூடம், மாடறுக்கும் இடம் என்று நாவல் சொல்லிக்கொண்டு போகிறதே தவிர, அங்கே வேலை பார்க்கிறவன் முகத்தை ஒரு வரியிலும் காட்டவில்லை. அதே காலத்து இங்கிலாந்தில் புதைகுழியைத் தோண்டிப் பிணம் விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. 1832இல் வந்த சட்டம், ஏழை விடுதிகளில் செத்து, கேட்க நாதியற்றுக் கிடந்தவர்களின் உடலை மருத்துவக் கூடங்களுக்குக் கொடுக்க வழி செய்தது. ஆக அறிவியலுக்கு உடம்பு கொடுத்ததும் இல்லாதவன்தான். சுடுகாட்டைக் கண்டு நடுங்குகிற இலக்கியம், சுடுகாட்டில் கூலி வாங்காதவன் எழுதின இலக்கியம்.

அந்த உருவம் எப்படிப் படிக்கக் கற்றது என்பது நாவலின் உயிரான பகுதி. ஒரு குடும்பத்தின் வீட்டை ஒட்டின கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் விரிசல் வழியே உள்ளே நடக்கும் பாடத்தை ஒட்டுக்கேட்டே மொழியைக் கற்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட நம் அப்பன் பாட்டன்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதோடு மரியாதையாகப் பேசுகிற ஒரே ஆள், கண் தெரியாத கிழவர். கண் உள்ள மகன் வந்ததும் தடியால் அடிக்கிறான். தொண்டு செய்த கை எது என்று தெரியாதவரைக்கும் தொண்டு இனித்தது: அந்த வீட்டுக்கு ராத்திரியில் விறகு கொண்டுவந்து போட்டது இதே உருவம்தான்.

ஆனால் மாணவர்கள் அதிகம் சண்டை போட்டது ஜஸ்டின் பற்றி. அந்த வீட்டு வேலைக்காரி. குழந்தையைக் கொன்றது வேறு யாரோ. கொலையுண்டவனின் நகை அவள் பையில் கிடைக்கிறது. பாதிரியார் மிரட்ட மிரட்ட, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். தூக்கில் போடுகிறார்கள். உண்மை தெரிந்த விஞ்ஞானி வாய் திறக்கவில்லை.

வாசித்து முடித்ததும் ஒரு பெண் “வேங்கைவயல்” என்றாள். வேற யாரும் பேசலை. 2022 டிசம்பர் 26 அன்று நம் மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. காலனிக்காரர்களிடமும் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் இருந்தது அதே காலனியின் மூன்று பேர். ஊர் மக்கள் அதை மறுத்து நிற்கிறார்கள். தீர்ப்பெழுத நான் நீதிபதி இல்லை. ஆனால் சந்தேகம் எந்தத் தெருவை நோக்கி நடக்கும் என்பதை ஜஸ்டினைப் படித்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யையும் இதோடு சேர்த்துப் படிக்கணும். அபாரமான கதை; ராத்திரியில் தனியாகப் படித்தால் எனக்கும் முதுகு சிலிர்க்கும். இருந்தாலும், எழுத்தாளர் வீட்டுக்குள் பயம் எந்த வழியாக வருகிறது பாருங்கள்: வேலைக்குச் சேர்க்கப்பட்ட பிச்சைக்காரி வழியாக. வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ (1868) நாவலிலும் வைரம் காணாமல் போனதும் போலீஸ் பார்வை போய் நிற்பது, முன்னாள் திருடியான வேலைக்காரி ரோசானாவிடம். வைரமோ சீரங்கப்பட்டணத்தில் வெள்ளைக்காரன் கொள்ளையடித்தது! அதை மீட்கக் கடல் தாண்டின மூன்று பிராமணர்கள் சாதி இழந்ததை அந்த ஆசிரியர் பெரும் தியாகமாக எழுதுகிறார். அந்த இடத்தில் எங்க பையன்கள் சிரித்துவிட்டார்கள். திருடன் யாரென்று சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க.

பாழடைந்த மாளிகைக்கு நாம் இங்கிலாந்து போக வேண்டியதில்லை. ராயவரத்திலும் கோனாபட்டிலும் பர்மா தேக்குத் தூண்களோடு பூட்டிக் கிடக்கும் வீடுகள் போதும். அந்தக் கல்லைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு மர்ம நாவல் எழுதினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஒருத்தன் முதல் அத்தியாயம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். பேய் பின்கட்டில் இல்லை, முன்வாசல் கணக்குப்பிள்ளை மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அவனிடம் இப்போது ‘வுதரிங் ஹைட்ஸ்’ கொடுத்திருக்கிறேன், லிவர்பூல் தெருவில் பொறுக்கி எடுத்து வந்த கறுத்த பையன் ஹீத்கிளிஃப்பை அவன் எப்படிப் படிக்கிறான் என்று பார்ப்பதற்காக.