வாய்ச்சொல்லில் வாங்கும் கார்

வீரமாமுனிவரின் அடைக்கல மாதா கோயிலால் பேர்பெற்ற ஏலாக்குறிச்சி போன்ற ஊர்களில் கார் வாங்க நினைப்பவர் நேரே ஷோரூமுக்குப் போவதில்லை. முதலில் டிரைவரைக் கேட்பார், அடுத்து மெக்கானிக்கை. வண்டிப் பைத்தியம் என்று பேரெடுத்த மாமனோ மச்சானோ ஒருவர் எப்படியும் இருப்பார். அவரும் தலையாட்டினால்தான் முன்பணம். விளம்பரத்துக்கு இல்லாத மதிப்பு இந்த வாய்ச்சொல்லுக்கு உண்டு.

அந்த மதிப்பில் நியாயம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் ஏர் ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் அடைக்கும், எந்த வண்டிக்கு சஸ்பென்ஷன் முதலில் தட்டத் தொடங்கும் என்பதெல்லாம் கம்பெனி அச்சடித்துத் தரும் வழவழ காகிதத்தில் இராது. கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் அரியலூருக்கோ கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூருக்கோ போகவேண்டும். ஆகவே இங்கே நல்ல வண்டி என்பது கெடாத வண்டியல்ல, கெட்டால் பொழுது சாய்வதற்குள் பக்கத்துப் பட்டறையில் சரியாகிற வண்டி. அம்பாசிடர் அவ்வளவு காலம் மரியாதையாக வாழ்ந்ததற்கு அதன் எஞ்சினைவிட இதுவே காரணம். 1983 இறுதியில் வந்த மாருதி 800, அடிக்கடி கெடாது என்ற குணத்தையும் இதோடு சேர்த்துக் கொடுத்தது. சாமான் கிடைக்குமா, திரும்ப விற்றால் என்ன தேறும் என்ற இரு கேள்விகளும் அன்றிலிருந்து மாறாமல் ஓடுகின்றன.

சிக்கலும் அங்கேதான். 'சாமான் கிடைக்காது' என்று மெக்கானிக் சொன்னால் வாங்குகிறவர் குறைவார், குறைந்தால் சாமான் வைக்கும் கடையும் குறையும், ரீசேல் விழும். பிறகு, 'நான் அப்பவே சொன்னேனே' என்பார் அதே மெக்கானிக். ஃபோர்டு ஃபிகோ 2010-இல் நம் மறைமலைநகரிலேயே உருவாகி வந்தது. 2011-இன் சிறந்த இந்தியக் கார் என்ற விருதையும் வாங்கியது. அதன் ஸ்டீயரிங்கைப் பற்றி வண்டிப் பிரியர்கள் இன்றும் உருகுகிறார்கள். ஆனால் பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 'சாமான் கிடைக்காது' என்ற மெக்கானிக் ஜெயித்தார் என்றே வையுங்கள். அவர் கணித்தது சந்தையை, காரை அல்ல.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாததில் இந்த ஞானம் அறவே உதவாது. டிராவல்ஸ்காரர்கள் விரும்பி ஓட்டிய செவர்லே தவேராவை 2013-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 1.14 லட்சம் வரை திரும்ப அழைத்தது. புகைச் சோதனையில் கம்பெனிக்குள்ளேயே தில்லுமுல்லு நடந்திருந்தது. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓட்டிய டிரைவராலும் அதை மோப்பம் பிடித்திருக்க முடியாது. 2014-இல் கார் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்த ஆல்டோ, ஐ10, நானோ, ஃபிகோ, போலோவின் அடிப்படை மாடல்கள் ஐந்துமே பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். அதுவரை மைலேஜ் கேட்ட வாய் பாதுகாப்பைக் கேட்டதில்லை.

இப்போது நட்சத்திரக் காலம். 1998-இல் வந்த இண்டிகாவின் தொடக்கக் கோளாறுகளால் டாட்டாவுக்கு விழுந்த கெட்ட பேரை, 2018-இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற நெக்ஸான் பாதி துடைத்தது. விளம்பரக்காரர்கள் உடனே நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிரியர்களும் அதையே ஓதுகிறார்கள். நட்சத்திரம் தரும் சோதனையில் மணிக்கு 64 கிலோமீட்டரில் நடக்கும் முன்பக்க மோதல், ஏறத்தாழ அதே எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்கு ஒப்பானது. நம் ரோட்டில் எதிரே வருவது சிமெண்ட் லாரி. நட்சத்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை வைத்து லாரியை முந்தாதீர்கள் என்கிறேன்.

இந்த வாய்ச்சொல் பழக்கத்தில் நான் காணும் பெரிய குறை வேறு. குறிப்பிட்ட விகிதத்தினர் முறையாகப் புகார் செய்தால் வண்டியைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு உத்தரவிட, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது. நம் ஆட்களோ கியர் சிக்கினால் டிரைவரிடம் புலம்புவார்கள், டீக்கடையில் கம்பெனியைத் திட்டுவார்கள், அடுத்த மாதமே டச்சப் அடித்து இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். எழுத்தில் ஒரு வரி ஏறாது. வாங்கியவர், தான் ஏமாந்ததை மறைக்க, 'வண்டி சூப்பர்' என்றுதான் அடுத்தவரிடம் சொல்வார்.